மூத்தாள் பொட்டு

தங்கம் வாங்கப் போகிறவர்களுக்கு ஊரெல்லாம் கடை உண்டு. காற்றாடிக்குக் கீழே உட்கார வைப்பார்கள், கலர் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். விற்கப் போகிறவளுக்கு ஒரு சந்து போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில், பால்கோவா மணக்கும் வரிசையைத் தாண்டி, பாத்திரக் கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவில் அப்படி ஒரு சந்து இருந்தது. பகல் பதினொரு மணிக்குக்கூட வெளிச்சம் அதற்குள் யோசித்துத்தான் நுழையும். வேலுத்தாய் யோசிக்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையோடு மழையாக உள்ளே போனாள்.

1986-ஆம் வருஷத்து ஐப்பசி. அடைமழை. ராஜபாளையத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஜன்னல் படுதா கிழிந்திருந்ததால் பாதி உடம்பு நனைந்திருந்தது. இரண்டு ராத்திரி தூங்காத கண். சேலையில் ஆஸ்பத்திரி வாடை. கழுத்தில் கிடந்ததை வலது கையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள். திருட்டுப் பயம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை செண்பகம் மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள் என்று எப்படியோ அவள் மனதில் விழுந்துவிட்டது.

செண்பகத்துக்கு ஆறு வயது. வேலுத்தாய் பெற்ற பிள்ளை இல்லை. அவள் புருஷன் வைகுண்டராஜின் முதல் தாரம் செல்லக்கனி பெற்றது. செல்லக்கனி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு இரண்டு வயது. மறு வருஷமே வேலுத்தாய் அந்த வீட்டுக்கு வந்தாள். அவளுக்கென்று வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மூன்று வருஷமாகச் சோறு ஊட்டி, தலை வாரி, மடியில் போட்டு வளர்த்தும் அந்தப் பிள்ளை அவளைச் ‘சித்தி’ என்றுதான் கூப்பிடும். ஒரே ஒரு தடவை ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்று வேலுத்தாய் வேண்டாத சாமி இல்லை. மலைக்குள் இருக்கும் அய்யனார் கோவிலுக்கு நடந்தே போய் வேண்டியிருக்கிறாள்.

அடித்ததும் உண்டு. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? பிள்ளைக்கு இடக்கைப் பழக்கம். தட்டில் இடது கை போகும்போதெல்லாம் வேலுத்தாய் புறங்கையில் ஒன்று போடுவாள். “நொட்டாங்கையால தின்னா ஊரு சிரிக்கும்” என்பாள். பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவிதான் ஒரு நாள் சொன்னாள். “அவளை ஏன்ட்டி அடிக்க? அவ ஆத்தாவும் நொட்டாங்கைக்காரிதான். பேண்டேஜ் தறியில அறுந்த இழையை நொட்டாங்கை ரெண்டு விரலால எடுப்பா பாரு, தறி நிக்கவே நிக்காது. முதலாளியே வந்து வேடிக்கை பாப்பாரு.” அதற்கப்புறமும் வேலுத்தாய் அடித்தாள். அதற்கப்புறம்தான் கொஞ்சம் கூடுதலாக அடித்தாள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது தொண்டை அடைப்பான். தொண்டைக்குள் வெள்ளையாகச் சவ்வு படர்ந்து மூச்சுக்குழலை மூடிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் டார்ச் அடித்துக் காட்டினார். சத்தம் அடங்கி இரண்டு நாள் ஆகிவிட்டது. பேச முடியாத பிள்ளைக்கும் சித்திக்கும் ஒரு ஏற்பாடு. கட்டில் கம்பியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் ‘கிட்ட வா’. இரண்டு ராத்திரியும் இரண்டு தட்டாகத்தான் கேட்டது.

அதை முறிக்கிற மருந்து மதுரையில்தான் இருந்தது. ஒரு மணிக்குள் மூவாயிரம் ரூபாய் கட்டினால் போன் போட்டு ஒன்றரை மணி பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்கிறேன், நாலு மணிக்கு வந்துவிடும் என்றார் மருந்துக் கடைக்காரர். பொழுது சாய்வதற்குள் ஊசி ஏறாவிட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வைகுண்டராஜ் பேண்டேஜ் துணி லோடு ஏற்றிக்கொண்டு கல்கத்தா போயிருந்தான். லாரி எந்த ஊரில் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இருந்த நகையை விற்கலாம் என்றால் அதிலும் ஒரு முடிச்சு. வைகுண்டராஜ் வீட்டு வழக்கப்படி இரண்டாம் தாரமாக வருகிறவள் கழுத்தில் இரண்டு பொட்டு தொங்க வேண்டும். ஒன்று அவளுக்குக் கட்டிய தாலிப் பொட்டு. மற்றது செத்துப்போன முதல் தாரத்தின் பொட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு பவளம். வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு முதலில் மூத்தாள் பொட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் தன்னுடையதற்கு வைக்க வேண்டும். தீபாவளிச் சேலையை அதற்குக் காட்டிவிட்டுத்தான் உடுத்த வேண்டும். கல்யாணத்தன்று மாமியார்க்காரி கயிற்றைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: “இந்தப் பவளத்தை எடுத்துராத. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கலாம். ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாது. ஒட்டிச்சுன்னா யாரு மூத்தா, யாரு இளையான்னு அதுகளுக்கே தெரியாமப் போயிரும்.”

மாமியார் இப்போது இல்லை. ஆனால் சொன்னது இருந்தது. அதைவிட, அந்தப் பொட்டு இருந்தது. வேலுத்தாயின் பொட்டு உடம்புச் சூட்டில் வெதுவெதுவென்றிருக்கும். சித்திரை வெயிலிலும் மூத்தாள் பொட்டு மட்டும் நெஞ்சில் சில்லென்று படும்.

ராஜபாளையத்தில் இரண்டு கடைக்காரர்கள் கயிற்றைப் பார்த்ததுமே கையை இழுத்துக்கொண்டார்கள். “புருஷன் வரட்டும்மா. இதையெல்லாம் நாங்க தொட மாட்டோம்.” அதனால்தான் இந்த ஊர், இந்தச் சந்து. இங்கே பழைய நகை வாங்குகிற சேக் முகைதீன் பாய்க்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பாய் நல்ல மனுஷர். ஈரத்தைப் பார்த்து ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். வேலுத்தாய் வரும் வழியில் வாங்கிய மஞ்சள் கிழங்கைப் புதுக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதன் பிறகு பழைய கயிற்றைக் கழற்றினாள். கம்மலும் மூக்குத்தியும் ஏற்கெனவே கையில் இருந்தன. தன் பொட்டையும் இரண்டு தங்கக் குண்டுமணியையும் உருவி அவற்றோடு சேர்த்து மேசையில் வைத்தாள். மூத்தாள் பொட்டை மட்டும் கயிற்றோடு உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

பாய் தராசில் போட்டுப் பார்த்தார். “ரெண்டாயிரத்து நானூறு வரும் தாயி. அதுக்கு மேல போகாது.”

“மூவாயிரம் வேணும் பாய். புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கு.”

“அல்லா மேல ஆணையா, எடைக்குத்தான் காசு. கையில என்ன?”

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? வேலுத்தாய் கையை விரித்தாள்.

கயிற்றிலிருந்து அதை உருவும்போது பவளம் நழுவி விழுந்தது. மேசையில் குதித்து, படியில் உருண்டு, வாசலில் ஓடிக்கொண்டிருந்த மழைத்தண்ணீரில் போய்விட்டது. அவள் எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். சாக்கடை அதை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டது.

பாய் கடையில் ஒரு வழக்கம். எந்த நகை வந்தாலும் விற்கிறவர் கண் முன்னாலேயே உருக்குவார்கள். அரக்கு, அழுக்கு, பற்றவைத்தது எல்லாம் கழிந்து சுத்தமான கட்டியாக வந்த பிறகுதான் கடைசி எடை, கல்லில் உரசல், காசு. அதற்கென்று பின்கட்டில் வயதான ஆசாரி ஒருவர் கரி அடுப்போடு உட்கார்ந்திருந்தார். மூசை என்கிற சின்ன மண் கிண்ணத்தில் நகைகளைப் போடப் போனவர், மூத்தாள் பொட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“தாயி, இது ஒன்னோடது இல்ல போலிருக்கே?”

வேலுத்தாய் புதுக் கயிற்றில் தொங்கிய மஞ்சளைப் பிடித்துக்கொண்டாள்.

“மூத்தாளோடதா?” ஆசாரியின் குரல் இறங்கியது. “அப்படின்னா இதைத் தனி மூசையிலதான் போடணும். எங்கப்பா காலத்துலயிருந்து அப்படித்தான். இது ஆறி, அடுத்தது காய முக்கால் மணி நேரம் ஆவும். கரி வேற நனஞ்சு கெடக்கு.”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால் ஒரு மணிக்குள் ராஜபாளையம் போக முடியாது. ஒன்றரை மணி மதுரை பஸ் மருந்து இல்லாமல் கிளம்பிவிடும்.

மாமியாரின் சொல் நினைவில் இருந்தது. கம்பியில் தட்டுகிற சின்ன விரலும் நினைவில் இருந்தது.

“ஒண்ணாவே போடுங்க” என்றாள் வேலுத்தாய்.

“யோசிச்சுச் சொல்லு தாயி.”

“ஆபத்துக்குப் பாவமில்ல ஆசாரியாரே. போடுங்க.”

ஆசாரி வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு போட்டார். துருத்தி மூச்சு விட்டது. கம்மல் குழைந்தது, குண்டுமணி குழைந்தது, வேலுத்தாயின் பொட்டும் விளிம்பு சுருங்கி இளகியது. மஞ்சளாக ஒரு சொட்டுத் திரண்டது. அதன் மேல் மூத்தாள் பொட்டு அப்படியே மிதந்தது. சூடு ஏற ஏற அது கறுத்ததே தவிரக் கரையவில்லை.

“எல்லாம் ஒரே மாத்துத் தங்கம். இது மட்டும் ஏன் நிக்குது?” என்று ஆசாரி துருத்தியை வேகமாக அமுக்கினார்.

அப்போது வாசனை வந்தது. கரிப்புகை இல்லை, உருக்கும்போது போடுகிற வெங்காரம் இல்லை. மருக்கொழுந்து. ஈரத் தலையில் அள்ளி வைத்த மருக்கொழுந்து. முன்கடையிலிருந்து பாய் மூக்கை உறிஞ்சினார். “யாரு அது, பூ வச்சிட்டு வந்திருக்கது?”

கடையில் வேலுத்தாயைத் தவிரப் பெண்கள் யாரும் இல்லை. அவளுக்கு மருக்கொழுந்து ஆகாது. தலைவலி வரும்.

மூசைக்குள் பொட்டு சட்டென்று கரைந்தது. இளகவில்லை, சுருங்கவில்லை. ஒரே தடவையில் உள்ளே இறங்கிக்கொண்டது.

கட்டி ஆறியதும் பாய் தராசில் வைத்தார். மறுபடி எடுத்து வைத்தார். படிக்கற்களைத் துடைத்து மூன்றாம் தடவை வைத்தார். ஆசாரியைப் பார்த்தார். ஆசாரி தலையைத் திருப்பிக்கொண்டார்.

“உருக்குனா குறையும் தாயி. நாப்பது வருசமா குறைஞ்சுதான் பாத்திருக்கேன்” என்றார் பாய் மெதுவாக. “இது கூடியிருக்கு.”

இருந்தும் கட்டி என்ன எடை நின்றதோ அதற்கே கணக்குப் போட்டுக் கொடுத்தார். மூவாயிரத்துக்குக் குறையவில்லை. வேலுத்தாய் பணத்தை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முடிச்சைப் பார்த்தாள். அது அவள் போடுகிற முடிச்சு இல்லை. மாற்றுப் பக்கம் சுற்றி, மாற்றுக் கையால் இழுத்துப் போட்ட முடிச்சு.

பயத்தில் கை தடுமாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ் மில் பக்கம் வளைந்தபோது அவள் தலைமுடி பின்னியிருந்தது. நனைந்து கலைந்து கிடந்த முடி. யார் பின்னினார்கள்? மடியில் பார்த்தாள். வலது கை அசையாமல் கிடந்தது. இடது கையின் விரல்களில் முடி ஒட்டியிருந்தது.

அவள் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டாள். அது சில்லென்றிருந்தது. மற்ற உடம்பெல்லாம் வேர்த்திருந்தது.

மருந்துக் கடையில் பணத்தைக் கட்டும்போது மணி பன்னிரண்டு நாற்பது. அவர் போனில் கத்திக் கத்திப் பேசி வைத்தார். “ஒன்றரை வண்டியில வருது. கண்டக்டர் கையில குடுத்துருவாங்க. போங்கம்மா, புள்ளயப் பாருங்க.” பிழைத்தோம் என்று வேலுத்தாய்க்கு அழுகை வந்தது. தெருவில் நின்று அழுதாள். அழுதவளின் முகத்தை இடது கைதான் துடைத்தது.

அந்த ஆஸ்பத்திரி ஒரு காலத்தில் பஞ்சு வியாபாரி ஒருவரின் வீடு. தொற்று நோய் என்பதால் செண்பகத்தைக் கொல்லைப்புறத்தில் தனியாக இருந்த பழைய அறையில் போட்டிருந்தார்கள். உயரத்தில் ஒரே ஜன்னல். மழைக்குக் கரண்ட் போயிருந்ததால் அரிக்கேன் ஏற்றி வைத்திருந்தது. காவலுக்கு உட்கார்ந்திருந்த ரஹ்மத் பீவி, வேலுத்தாய் நுழைந்ததும் எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள்.

“ஏட்டி வேலு, தலையில என்ன மருக்கொழுந்து மணக்குது?”

“ஒண்ணும் வைக்கலக்கா.”

“பின்னல் யாரு போட்டா?” ரஹ்மத் பீவி கிட்டே வந்து பின்னலைத் தொட்டாள். தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டாள். “இப்படி எடப்பக்கம் ஏத்திப் பின்னுறது செல்லக்கனிதான்ட்டி. வேற யாரும் நம்ம தெருவுல பின்ன மாட்டாக.”

கம்பியில் இரண்டு தட்டுக் கேட்டது. வேலுத்தாய் ஓடிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். செண்பகத்தின் கழுத்து வீங்கி, உதடு நீலம் பூத்திருந்தது. ஒவ்வொரு மூச்சும் கிணற்று ராட்டினம் மாதிரி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. “காசு கட்டியாச்சு கண்ணு. மருந்து பஸ்ஸுல வருது. இன்னும் கொஞ்ச நேரம்” என்றாள். பிள்ளை அவளைப் பார்த்தது. பிறகு அவள் தோளுக்கு மேலே பார்த்தது. பிறகு மறுபடி அவள் முகத்தைப் பார்த்தது, இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது போல.

நாலு மணிக்கு மருந்து வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. கிருஷ்ணன்கோவில் பக்கம் ரோட்டில் வெள்ளம் போகிறது, பஸ் அந்தப் பக்கமே நிற்கிறது என்று சேதி வந்தது. ரஹ்மத் பீவி குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

அறையில் இரண்டு பேர்.

இரண்டு பேர்தானா?

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அரிக்கேன் வெளிச்சம் சுண்ணாம்புச் சுவரில் வேலுத்தாயின் நிழலைப் போட்டிருந்தது. அவள் குனிந்தால் நிழல் குனிந்தது. ஆனால் சற்றுப் பிந்திக் குனிந்தது.

ஐந்து மணிக்கு நர்சு வந்து பார்த்துவிட்டு, டாக்டரைக் கூட்டிவர ஓடினாள். அவள் காலடிச் சத்தம் முற்றத்தைத் தாண்டுவதற்குள் கிறீச் நின்றது.

செண்பகத்தின் வாய் திறந்திருந்தது. நெஞ்சு குழிந்து உள்ளே போனது, திரும்பி வரவில்லை. கண் மேலே செருகியது. விரல் மட்டும் கம்பியைத் தேடியது. ஒன்று. இரண்டு.

வேலுத்தாய் கத்தினாள். யாரும் வரவில்லை. பிள்ளையைத் தூக்கினாள், குலுக்கினாள், முதுகில் தட்டினாள். நீலம் கன்னத்துக்கு ஏறியது.

அப்போது இடது கை எழுந்தது.

அவள் எழுப்பவில்லை. தானாக எழுந்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே போய் நின்றது. இரண்டு விரல் நீண்டிருந்தது. நின்றது, அவ்வளவுதான். மேலே போகவில்லை. மணிக்கட்டு வரை அது வேறு ஒருத்தி, மணிக்கட்டுக்கு மேலே வேலுத்தாய். நடுவில் ஏதோ ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் தள்ளவில்லை. காத்திருந்தாள்.

வேலுத்தாய்க்கு விளங்கிவிட்டது. என்ன கேட்கிறாள், கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. அவளுக்கு இருபத்தாறு வயது. சாக ஆசை இல்லை. சாவு இல்லாத இது என்னவென்று அவளுக்குப் பெயர்கூடத் தெரியாது.

பிள்ளையின் விரல் கம்பியிலிருந்து நழுவியது.

“வாங்கக்கா” என்றாள் வேலுத்தாய். “நான் அடிச்சதெல்லாம் தப்பு. வாங்க. புள்ளயப் பாருங்க.”

சில்லிப்பு தோள் வரை ஏறியது. பிறகு கழுத்து. பிறகு எல்லா இடமும்.

இரண்டு விரல் பிள்ளையின் தொண்டைக்குள் இறங்கியது. அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை. தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்த இழையைத் தேடுகிற விரல். தேடியது, பிடித்தது, இழுத்தது. நைந்து நனைந்த பேண்டேஜ் துணி போல வெள்ளையாக ஒன்று நீளமாக வெளியே வந்தது. அதைத் தரையில் எறிந்தது.

செண்பகம் மூச்சை இழுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வேலுத்தாய்க்கு வந்த சந்தோஷம் அவள் வாழ்நாளில் வந்ததில்லை. அழ வேண்டும் என்று நினைத்தாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை. அவள் உதடு சிரித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டுத் திகைத்தார். “யாரு எடுத்தா இதை? ஒரு சொட்டு ரத்தம் இல்லாம எப்படி வந்துச்சு?” ஆறு மணிக்கு மருந்து வந்து ஊசி ஏறியது. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

‘போதும்க்கா. நீங்க போயிருங்க’ என்று வேலுத்தாய் அன்றைக்கு உள்ளுக்குள்ளேயே கேட்டாள். மறுநாள் கெஞ்சினாள். கால் அவள் சொல்லாமலே நடந்தது. கை அவள் சொல்லாமலே பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றியது. இடது கை. பிள்ளையையும் இடது கையாலேயே குடிக்கச் சொன்னது. எங்கிருந்தோ மருக்கொழுந்து வாங்கி வந்து சூடிக்கொண்டது. அவளுக்குத் தலை வலித்தது. வலி மட்டும் அவளுடையதாக இருந்தது. ரஹ்மத் பீவி வாசல் வரை வந்து, உள்ளே வராமல், கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு வேகமாகப் போனாள். ‘அக்கா, நான் இங்க இருக்கேன்’ என்று வேலுத்தாய் அலறினாள். வாய் அசையவில்லை.

மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் வந்து கட்டிலில் விழுந்தது. செண்பகம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து வீக்கம் வடிந்திருந்தது. அவள் நிமிர்ந்து, தலையைக் கோதிக்கொண்டிருந்தவளின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நாலு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகக் குரல் வந்தது. கரகரத்த சின்னக் குரல்.

“அம்மா.”

மூன்று வருஷமாகத் தவம் கிடந்து கேட்ட சொல். வேலுத்தாய் ‘என்ன கண்ணு’ என்று சொல்லத் துடித்தாள்.

“என்ன சாமி?” என்றது அவள் வாய்.

“சித்தி எங்க, அம்மா?”

இடது கை கோதுவதை நிறுத்தியது. பிறகு மறுபடி கோதியது.

“சித்தி நகை விக்கப் போயிருக்கா சாமி. வருவா.”

வேலுத்தாய்க்கு இன்னும் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. வலது கையின் ஆட்காட்டி விரல். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அதை அசைத்தாள். கட்டில் கம்பியில் தட்டினாள்.

ஒன்று.

இரண்டு.

செண்பகத்தின் கண் சட்டென்று அந்த விரலுக்குத் திரும்பியது. முகம் மலர்ந்தது. “சித்...” என்று உதடு குவிந்தது.

இடது கை பிள்ளையின் தலையை விட்டு இறங்கி, கட்டிலின் மேல் ஊர்ந்து வந்து, அந்த விரலின் மேல் படுத்துக்கொண்டது.